ஐப்பசி மழையைத் தாண்டிய சடை

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்து மார்கழி பிறந்துவிட்டது. என் சடையில் (பின்னல் சடையல்ல, முடி சிக்குப் பிடித்துத் திரியும் டிரெட்லாக்ஸ்) பூசண வாடை இல்லை. நேற்றுக் காலையில் அம்மா ஒவ்வொரு சடையாக மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "போயிடுச்சுடி, இப்ப வெறும் முடி வாசனைதான்" என்றார். போன மார்கழியில் நனைந்த கோணிச் சாக்கு மாதிரி நாறிய அதே தலை! இந்த 23 மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான். முதல் முடிச்சு விழுந்த நாளில்கூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் 41 பிரிவாக வகிடு எடுத்து ஆரம்பித்தேன். சிக்கு விழுவதற்காக முன்பக்க முடியை மட்டும் முறுக்கிப் பிரித்து விட்டேன், பின்னந்தலையை அதன் போக்கிலேயே விட்டேன். சடையை ஒட்டவைக்கச் சிலர் பூசும் மெழுகைத் தொடவே இல்லை. நான்கு ஜோடிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன, ஒன்றை நானே வெட்டினேன். இப்போது 36. முதல் 11 மாதத்தில் எப்படியும் 13 செ.மீ. வளர்ந்திருக்கும், ஆனால் நீளம் கொஞ்சமும் கூடவில்லை. வளர்ந்ததெல்லாம் சிக்குக்குள்ளேயே போய்விட்டது. இப்போதுதான் தோளைத் தாண்டுகிறது.

வெட்டிய அந்த ஒன்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் வாடை வந்ததும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். இன்னும் அடிக்கடி குளித்தேன். வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சடை சுத்தமாக இருக்கிறது, தொட்டால் காய்ந்திருக்கிறது, ஆனால் அழுத்தினால் நாறுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை நாள் ஊகித்துக்கொண்டிருப்பது? இடது காதுக்குப் பின்னால் இருந்த ஒன்றை, அடியில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினேன். 24 செ.மீ. நீளம். வெட்டும்போது மனசு கேட்கவில்லைதான். நுனியிலிருந்து 5 செ.மீ. அளவுக்குக் குரோஷா ஊசியால் ஒவ்வொரு முடியாகப் பிரித்தேன். இரண்டு மாலைப்பொழுது போனது.

நடுவில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு படிவு. அதற்கிடையே பழுப்பாகத் துகள்கள். துகள்கள் சீயக்காய்த்தூள் என்று பார்த்ததுமே தெரிந்தது. சாம்பல் படிவுதான் புரியவில்லை. குளியலறை வாளியின் உள்விளிம்பில் விரலை வைத்தபோது விடை கிடைத்தது. அதே பிசுக்கு! எங்கள் வேளச்சேரி போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். சோப்புக் கட்டி அதில் கரையாமல் திரிந்துவிடும். வாளியில் ஒட்டுவது போலவே சடைக்குள்ளும் ஒட்டியிருக்கிறது. வாளியைத் தேய்க்கலாம், சடையின் நடுவை எப்படித் தேய்ப்பது? எச்சம் விடாது என்று நம்பி வாங்கிய சோப்புக் கட்டியை அன்றோடு நிறுத்தினேன். (டிடிஎஸ் மீட்டரில் எங்கள் தண்ணீர் 1,140 காட்டியது. அந்த மீட்டர் கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டுமே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. ஆனால் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.)

உள்ளே ஒட்டிய படிவை எடுக்கச் சடையை ஊறவைத்து அலசியதை ஒரே பத்தியில் முடிக்கிறேன், சடை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 6 லிட்டர் வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி சமையல் சோடா, தலையைச் சாய்த்துக் கால் மணி நேரம். தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி ஆகி, அப்புறம் பழுப்பானது. நன்றாக அலசிய பிறகு ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர். சோடாவையும் வினிகரையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சோடா காரம், முடியை வறட்டும். அதனால் நான் ஐந்து மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்வதில்லை.

வாராவாரம் தேய்ப்பது இப்போது பூந்திக்கொட்டை. கடினத் தண்ணீரிலும் சோப்பு மாதிரி திரியாது. பத்துக் கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை அரை லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைக்கிறேன். காலையில் கையால் கசக்கி, முதலில் டீ வடிகட்டி, அப்புறம் பழைய மல் வேட்டியை நான்காக மடித்து இன்னொரு முறை. இந்த இரண்டாவது வடிகட்டல்தான் உயிர். அதைச் செய்யாமல் விட்டால் தோல் நார் உள்ளே போய், சீயக்காய் கதைதான் திரும்பவும். கண்ணில் பட்டால் அரை மணி நேரம் எரியும், துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டே ஊற்றுகிறேன். கொட்டை மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது. தோல் பிசின் மாதிரி ஒட்டி, பளபளப்பாக இருந்தால் நல்லது. தூளாக விற்பதை வாங்கவே வேண்டாம். கடைசி அலசலுக்கு இந்த இரண்டு மாதமும் மொட்டைமாடியில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் அலசிய முடியின் மென்மையை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

சரி, சுத்தம் பாதிதான். பூசணம் பிடிக்க ஈரம் வேண்டும். ஈரம் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தலையில் இருக்கும் சடையை எடை போட முடியாது. ஆனால் வெட்டிய சடையின் மீதி 19 செ.மீ. என்னிடம் இருக்கிறதே!

ரிச்சி தெருவில் நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன், 0.1 கிராம் வரை காட்டும். சித்திரை வெயிலில் மூன்று நாள் காயவைத்தபோது அந்தச் சடை 5.2 கிராம். நனைத்துச் சொட்டச் சொட்ட எடுத்தால் 15 கிராம். கையால் பிழிந்தால் 12.4. குளியல் துண்டில் சுற்றி அழுத்தினால் 9.8. இரண்டாவதாகக் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து அழுத்தினால் 8.6. அதாவது மின்விசிறிக்கு முன்னால் உட்காருவதற்குள்ளேயே ஈரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. இதை நான் அதுவரை செய்யவில்லை, ஒரே துண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அதற்கு அப்புறம் ஜன்னல் கம்பியில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மணிக்கொரு முறை நிறுத்தேன். சித்திரையில் விசிறிக் காற்றில் ஐந்து மணி நேரத்தில் காய்ந்தது. ஐப்பசியில் அதே விசிறியில் ஒன்பது மணி நேரம். விசிறி இல்லாமல் விட்டால் மறுநாள் காலையிலும் 6.3. மழை நாட்களில் எத்தனை மணி நேரம் ஆனாலும் 5.6-க்குக் கீழே இறங்கவே இல்லை. நான்கு நாள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டேன். நனைக்காமல் சும்மா தொங்கவிட்டதும் 5.6-தான் காட்டியது. முடி காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆக, மழைக்காலத்தில் 5.6-தான் காய்ந்த எடை. அதற்குக் கீழே எதிர்பார்க்கக் கூடாது.

ஹேர் டிரையரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கால் மணி நேரம் பிடித்ததும் தொட்டால் நன்றாகக் காய்ந்த மாதிரி இருந்தது. தராசில் 7.1! அப்படியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் மேற்புறம் மறுபடியும் ஈரம். நடுவில் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. போன வருஷம் முழுக்க நான் ஏமாந்தது இதில்தான். தராசு இல்லாதவர்கள் சடையைக் கன்னத்தில் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரிகிறது. 6 கிராமுக்கு மேல் இருந்தபோதெல்லாம் கன்னம் சரியாகச் சொல்லிவிட்டது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும்தான் என் உண்மையான தவறு புரிந்தது. நான் காலை ஏழு மணிக்குத் தலைக்குக் குளித்து, டிரையர் பிடித்து, எட்டரைக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவள். ஒரு மணி நேரம் வேர்வையோடு மூடிய ஹெல்மெட்டுக்குள் ஈரச் சடை. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? இப்போது தலைக்குக் குளிப்பது ஞாயிறு காலை ஆறரைக்கு மட்டும். இரண்டு துண்டு, அப்புறம் நான்கு பிரிவாக முன்னால் தொங்கவிட்டு ஸ்டாண்ட் விசிறி. மாலை நான்கு மணி வரை வெளியே போவதில்லை. ஹெல்மெட்டின் உள்பஞ்சையும் கழற்றித் துவைத்தேன், அதிலும் அதே வாடை இருந்தது.

அம்மா சொன்னதற்காகச் சாம்பிராணியும் பிடித்துப் பார்த்தேன். சின்ன வயசில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் முடியைப் பரப்பிப் புகை காட்டுவார். விரித்த முடிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். சடையில் கால் மணி நேரத்தில் 8.6 என்பது 8.2 ஆனது, அவ்வளவுதான். வாசனை மட்டும் மூன்று நாள் இருந்தது. காய்ந்த பிறகு வாசனைக்காகப் பிடிக்கலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம்.

ஆரம்பத்தில் "பொம்பளைப் புள்ள தலையில சடை விழவிடலாமா" என்று அழுதவர் அவர். தெருமுனைப் பூக்காரம்மா இன்றும் "வேண்டுதலாம்மா?" என்று கேட்கிறார். இல்லை, பிடித்திருக்கிறது, அதனால் வளர்க்கிறேன் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு ஒரு முழம் மல்லிகையை நீட்டுவார். சடையில் பூ வைக்க ஊசி வேண்டாம், இடுக்கில் செருகினாலே நிற்கும்.

பின்னந்தலையில் வெளியே நீட்டும் முடியைக் குரோஷா ஊசியால் சடைக்குள் இழுத்துவிடும் வேலை முழுக்க இப்போது அம்மாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் குரோஷாவில் மேஜை விரிப்புகள் பின்னியவர். 0.75 மி.மீ. ஊசியை நான் பிடித்தால் முடி அறுந்துவிடுகிறது. அவர் கையில் ஊசி உள்ளே போவதும் வருவதும் தெரியாது. கொக்கியை இழுக்காமல் சும்மா முன்னும் பின்னும் ஆட்டினால் முடி தானாக மாட்டிக்கொள்ளும் என்கிறார். நான்கு மாதமாக முயல்கிறேன், இன்னும் எனக்கு அந்தக் கை வரவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிரச்சினை உச்சந்தலையில். சுழிக்கு அருகே இரண்டு சடைகள் அடியில் ஒட்டத் தொடங்கியிருக்கின்றன. குளித்துக் காய்ந்ததும் பிரித்துவிடுகிறேன், வியாழக்கிழமைக்குள் மறுபடி ஒட்டிவிடுகின்றன. சேரவிட்டால் தடிமன் இரண்டு மடங்காகும், மழையில் எப்படிக் காயும் என்ற பயம் இருக்கிறது. அதற்குத் தடிமனான சடை ஒன்றின் கணக்கு வேண்டும், வெட்ட எனக்கு மனசில்லை. பார்லர் வைத்திருக்கும் தோழி ஒருத்தி விழும் முடியைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதில் இரண்டு மடங்கு தடிமனில் ஒன்று செய்து, வெட்டிய பழைய சடையின் பக்கத்திலேயே ஜன்னலில் தொங்கவிடப் போகிறேன். அதுவரை அந்த இரண்டையும் வாரம் இரண்டு முறை பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.