சம்பளக் குடும்பத்துக்குச் சொகுசுக் கப்பல் பயணம்: எங்கள் வீட்டுக் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய்வர எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்பவர்கள், பெரும்பாலும் விளம்பரத்தில் பார்த்த ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அந்தத் தொகை பொய்யல்ல. ஆனால் அது ஒரு நபருக்கானது. இருவர் சேர்ந்து தங்குவார்கள் என்ற அடிப்படையில், சன்னல் இல்லாத உட்புற அறைக்கு, விலை மிகக் குறைவாக உள்ள ஒரு தேதிக்குப் போடப்பட்டது. பல நேரங்களில் துறைமுகக் கட்டணமும் வரியும் அதில் சேர்ந்திருக்காது. கப்பல் கட்டணம் மொத்தச் செலவில் பாதிகூட இல்லை என்பதையும், மீதியைச் சரியாகக் கணக்கிட்டு இரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே சேமிக்கத் தொடங்கினால் இரண்டு நடுத்தரச் சம்பளங்கள் உள்ள ஒரு வீட்டால் கடன் இல்லாமல் போய்வர முடியும் என்பதையும் எங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே இங்கு எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். என் கணவர், நான், இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என்று ஐந்து பேர். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்த்த பெரிய வசதி. சென்னைக்குப் போய்ச் சேரும் செலவும் அலைச்சலும் அதனால் மிச்சமாகின்றன.

முதலில் மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேருக்கும் பெட்டிகளோடு சேர்த்து விமானப் பயணச்சீட்டுக்குச் சுமார் ஒரு லட்சம். மலேசியாவுக்குப் போய்த் திரும்பும் மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு, இரண்டு உட்புற அறைகளும் துறைமுக வரியும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம். பணியாளர்களுக்கான டிப்ஸ், விசா, பயணக் காப்பீடு, கரையில் இறங்கும்போது ஆகும் செலவு, கப்பலில் ஆகும் சில்லறைச் செலவு என்று முக்கால் லட்சம். ஆக மூன்றேகால் லட்சம் ரூபாய். தேதியையும் டாலரின் மதிப்பையும் பொறுத்து இது ஏறும், இறங்கும். விளம்பரத் தொகையை ஐந்தால் பெருக்கிப் பார்த்து, இவ்வளவுதானே என்று முன்பணம் கட்டிவிடுபவர்கள், மீதியைக் கடன் அட்டையில் தேய்த்துவிட்டு ஓராண்டு முழுவதும் வட்டி கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வட்டி கப்பல் நிறுவனத்தின் எந்தத் தள்ளுபடியையும் விழுங்கிவிடும்.

அந்த முக்கால் லட்சத்தில் பலருக்கும் தெரியாமல் வருவது டிப்ஸ். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் சாதாரண அறைகளுக்கே ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலருக்குக் குறையாமல் பணியாளர் டிப்ஸ் கணக்கில் ஏற்றப்படும். குழந்தைகளுக்கும் அது உண்டு. ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 270 டாலர், அதாவது இருபதாயிரம் ரூபாய்க்கும் மேல். அறையைத் தினமும் சுத்தம் செய்பவர்களுக்கும், உணவு மேசையில் பரிமாறுபவர்களுக்கும் போய்ச் சேரும் பணம் என்பதால் அதைக் குறைக்கும்படி கேட்க எனக்கு மனம் வராது. முன்பதிவு செய்யும்போதே கட்டிவிட்டால் கடைசி நாளில் கணக்குச் சீட்டைப் பார்த்து அதிர வேண்டியிருக்காது.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகப் பெரிய சேமிப்பு இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களின் விலையை முடிவு செய்வது நம் பள்ளி விடுமுறை அல்ல, சிங்கப்பூரின் பள்ளி விடுமுறை. அங்கே மார்ச் நடுவில் ஒரு வாரம், மே இறுதியிலிருந்து ஜூன் வரை நான்கு வாரம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், பிறகு நவம்பர் பின்பாதியிலிருந்து ஆண்டு முடியும் வரை பள்ளிகள் மூடியிருக்கும். நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கோ ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்தால் ஜூன் தொடக்கம் வரை விடுமுறை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஏப்ரல் பின்பாதியிலிருந்து மே மூன்றாம் வாரம் வரை நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். புனித வெள்ளி, மே தினம், விசாக தினம் ஆகியவை ஒட்டி வரும் நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்துவிட்டு, ஞாயிறு அல்லது திங்கள் அன்று கிளம்பும் பயணத்தைப் பார்த்தால் விலை கணிசமாகக் குறையும். காலாண்டுத் தேர்வு விடுமுறையும் இதே காரணத்தால் நல்ல காலம்தான். டிசம்பரின் அரையாண்டு விடுமுறையில் மட்டும் சாதாரணச் சம்பளக்காரர்கள் இதை நினைக்கவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அதே அறைக்கு இரு மடங்குகூடக் கேட்பார்கள்.

அடுத்தது அறை. பால்கனி அறையில் அமர்ந்து கடலைப் பார்ப்பது இனிமையானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கப்பலின் மேல்தளமும் நடைபாதைகளும் உணவகத்தின் பெரிய கண்ணாடிச் சன்னல்களும் அறை எடுத்த எல்லாருக்கும் பொதுவானவை. அறைக்குள் நாம் தூங்கவும் குளிக்கவும் மட்டுமே போகிறோம். பெரும்பாலான கப்பல்களில் ஒரே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் குறைவு. சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் படுக்கையில் அவர்கள் படுப்பார்கள். மாமியாரும் மகளும் ஓர் அறையிலும், நாங்கள் இருவரும் மகனும் எதிர் அறையிலும் தங்கியதால் பெரியவருக்குத் தனிமையும் கிடைத்தது, கழிவறைக்குக் காத்திருக்கும் சிரமமும் இல்லாமல் போனது. ஐந்து பேருக்கான ஒரே பெரிய அறையைவிட இப்படி இரண்டு உட்புற அறைகள் எடுப்பது பல கப்பல்களில் மலிவு.

இனி சேமிப்பு. இரு சக்கர வாகனத்துக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் வாங்கியிருந்த கடன்கள் முடிந்த மாதமே, அந்தத் தவணைத் தொகையைச் செலவுக்கு விடாமல் வங்கியில் 24 மாத ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பாக மாற்றினோம். மாதம் 12,000 ரூபாய் வீதம் 24 மாதத்தில் 2,88,000 ரூபாய்; ஆறு, ஆறரை சதவீத வட்டியோடு சேர்த்து அது மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். மாதாமாதம் கட்டிப் பழகிய தொகை என்பதால் வீட்டுச் செலவில் புதிதாக எதையும் குறைக்க வேண்டியிருக்கவில்லை. இடையில் வந்த கோடை விடுமுறைகளில் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகாமல், அந்தப் பணத்தையும் தீபாவளி போனஸில் ஒரு பகுதியையும் விமானப் பயணச்சீட்டுக்கு ஒதுக்கினோம். மே மாதத்தில் மலைவாசத்தலங்களில் ஐந்து பேருக்கு அறை எடுத்துத் தங்கி, வாடகைக் காரில் சுற்றி, மூன்று வேளையும் உணவகத்தில் சாப்பிட்டுத் திரும்பும் செலவை எழுதிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும்.

சீட்டு போட்டுச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் என்பதையும், அவசரப்பட்டு முதல் மாதங்களிலேயே ஏலத்தில் தள்ளி எடுத்தால் கைக்கு வரும் தொகை வெகுவாகக் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. பயணத் தேதி முன்பே தெரிந்திருப்பதால் கடைசி மாதங்கள் வரை பொறுத்து எடுப்பவர்களுக்கே சீட்டு லாபம். இப்போது பயண நிறுவனங்களே கொடுக்கும் ‘முதலில் பயணம், பிறகு பணம்’ வகைக் கடன்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மருத்துவத்துக்கோ படிப்புக்கோ கடன் வாங்குவது வேறு. போய்வந்த இன்பத்துக்கு மறு ஆண்டு வரை தவணை கட்டுவது வேறு.

முன்பதிவு செய்யும்போது முன்பணம் மட்டும் கட்டி அறையைப் பிடித்துக்கொள்ளலாம். முழுத் தொகையை, குறுகிய பயணங்களுக்குப் பெரும்பாலும் இரண்டரை மாதம் முன்பு கட்டினால் போதும். அந்தக் கெடுவுக்கு முன் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். இந்தியாவில் உள்ள முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியை அவர் சேர்த்து வசூலிப்பார். அது தொலைந்துபோகும் பணமல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டலாம், கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். ஆகவே வீட்டில் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்பவரின் பான் எண்ணில் முன்பதிவு செய்யுங்கள்.

விசா விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கப்பல் மலேசியாவுக்குப் போய்த் திரும்பும்போது நாம் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம். எனவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் விசாவுக்கு அரசுக் கட்டணம் ஒருவருக்கு 30 சிங்கப்பூர் டாலர். முகவரின் கட்டணம் அதற்கு மேல். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா விலக்கு அளித்திருந்தாலும், கிளம்பும் முன் அது நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள் என்பதால் அதை முதலில் பாருங்கள்.

கப்பல் கிளம்பும் நாளிலேயே சிங்கப்பூரில் போய் இறங்குவது ஆபத்தான சிக்கனம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டிய பணமும் திரும்பாது. முந்தைய நாளே போய்விட வேண்டும். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிங்கப்பூரில் உறவினர் இல்லாத வீடுகளே குறைவு. அங்கே ஓர் இரவு தங்க முடிந்தால் விடுதிச் செலவு முழுவதும் மிச்சம். மரினா பே கப்பல் முனையத்துக்கு மரினா சௌத் பியர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். பெட்டிகளும் முதியவரும் இருந்தால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளலாம்.

கப்பலுக்குள் பொது உணவகத்திலும் பஃபேயிலும் மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர், தேநீர், நிகழ்ச்சிகள், நீச்சல் குளம் எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியச் சைவ உணவு கிடைக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. பணம் கரைவது வேறு இடங்களில்: டின் குளிர்பானம், விளையாட்டு இயந்திரங்கள், புகைப்படக்காரர் எடுக்கும் படங்கள், இணையம், சிறப்பு உணவகங்கள். அறையின் அட்டையைத் தேய்த்தாலே எல்லாம் கணக்கில் ஏறிவிடுவதால் பிள்ளைகளுக்குப் பணம் போவதே தெரியாது. ஏறிய உடனே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லலாம். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே எல்லாருடைய கைப்பேசியையும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் அலைவரிசையைப் பிடித்துவிட்டால் சில நிமிடப் பேச்சுக்கே ஆயிரக்கணக்கில் ரூபாய் போகும். கடன் அட்டையில் கட்டும்போது ரூபாயிலா டாலரிலா என்று கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் நமக்கு நட்டம்.

கரையில் இறங்கும் சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்கினால் ஒரு நபருக்கு ஆகும் தொகை மலைக்க வைக்கும். மலேசியத் துறைமுகமான பினாங்கில் அது தேவையே இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குச் சிறிது நேரம் நடந்தால் போதும். 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் காப்பி குடித்துத் திரும்பியது என் மாமியாருக்குக் கப்பலில் பார்த்த எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. இன்னொரு மலேசியத் துறைமுகமான போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் தொலைவு. அங்கே மற்றவர்கள் இறங்கிப் போனதும் கப்பல் காலியாகிவிடும், பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் எல்லா விளையாட்டுகளையும் விளையாடலாம்.

மூன்றேகால் லட்சத்தை மூன்று இரவுக்குச் செலவழிப்பது தகுமா என்ற கேள்வி நியாயமானது. முப்பது ஆண்டுகளாகத் தினம் இரண்டு வேளை அடுப்படியில் நின்ற ஒரு பெண், முழங்கால் வலியோடு படியேறிக் கோயில் குளம் சுற்றாமல், பேரப்பிள்ளைகளோடு ஒரே கூரைக்குக் கீழே, இன்று என்ன சமையல் என்ற நினைவே இல்லாமல் இருந்த நாட்கள் அவை. சிங்கப்பூரில் தரையிலேயே இதே ஐந்து பேர் விடுதி எடுத்துத் தங்கியிருந்தால் செலவு அதிகம் குறைந்திருக்காது. அவர் பாதி நேரம் விடுதி அறையிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தப் பணம் தகும்.

இவ்வளவு தொகை இயலாதவர்களும், கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தயங்குபவர்களும் சென்னையிலிருந்து கிளம்பும், கார்டிலியா என்ற இந்தியச் சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலை முதலில் பார்க்கலாம். 1990இல் கட்டப்பட்ட பழைய கப்பல்தான். ஆனால் 2022 ஜூன் முதல் சென்னைக்கு வருகிறது, 2023இல் திருகோணமலை, அம்பாந்தோட்டை, காங்கேசன்துறைக்கும் போய்வந்தது. இலங்கைக்குப் போகாமல் கடலில் சுற்றிவரும் இரண்டு இரவுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டோ விசாவோ விமானமோ தேவையில்லை, அடையாள அட்டை போதும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களை ஒட்டியே அது பெரும்பாலும் சென்னைப் பக்கம் வருவதால், அப்போது பள்ளிகள் திறந்திருக்கும். வெள்ளியோ திங்களோ விடுமுறையாக வரும் வார இறுதியைப் பார்த்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.