13 செகண்ட்

டீய பக்கத்துல வச்சுட்டு UFCல (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) பிரேசில்காரர் ஆல்டோவும் அயர்லாந்துக்காரர் மெக்ரிகரும் மோதுன பழைய ஃபைட்ட போட்டேன். பிஸ்கட்ட நனைச்சு வாய்ல வைக்கல, முடிஞ்சிடுச்சு. 13 செகண்ட்!

பத்து வருஷமா தோக்காத ஆல்டோ வேகமா உள்ள பாயுறாரு, மெக்ரிகர் பின்னாடி போய்க்கிட்டே எடது கைய விடுறாரு, அவ்ளோதான், ஆல்டோ சரிஞ்சிட்டாரு. அந்த நொடில ஆல்டோ விட்ட குத்தும் மெக்ரிகர் மூஞ்சில பட்டுச்சு, ஸ்லோ மோஷன்ல நல்லா தெரியுது.

அத யாரு பேசுறா?

ஆல்டோ மாதிரி பிரேசில்காரங்கன்னாலே தனி கதை. 1993ல மொத UFCல பிரேசில்காரர் ஹோய்ஸ் கிரேஸி ஒல்லியா வந்து பெரிய பெரிய ஆளுங்கள தரையில கட்டிப்போட்டப்ப அந்த ஜியு-ஜிட்சு வித்த (தரையில பூட்டு போட்டு மடக்குறது) பிரேசில்காரங்க கைல இருந்துச்சு. இப்ப இந்த மாதிரி சண்டைக்கு பயிற்சி தர்ற ஜிம்லலாம் சொல்லித்தராங்க.

ஆனா இன்னொரு பிரேசில்காரர் ஒலிவேரா UFCக்கு 2010ல வந்து 2021ல தான் சாம்பியன் பெல்ட் வாங்குனாரு, அதுவும் மொத ரவுண்டுல எதிராளி சாண்ட்லர்ட்ட செம அடி வாங்கிட்டு ரெண்டாவது ரவுண்டு 19வது செகண்ட்ல முடிச்சாரு.

அடுத்து அந்த ஃபைட்ட போடணும். டீ வேற ஆறிடுச்சு.