மூன்று ஆண்டு மௌனம்

செய்யாத தவறுக்காக வேலையை இழந்து வீட்டில் இருக்கும் இந்நாட்களில், நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்தோனி ரே ஹின்டனைத்தான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த அந்தக் கறுப்பினத்தவர், இரண்டு கொலைகளைச் செய்ததாகக் கூறி 1985இல் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 29. அவருடைய தாயின் வீட்டில் எடுத்த கைத்துப்பாக்கியிலிருந்தே குண்டுகள் பாய்ந்தன என்ற வாதத்தை ஏற்று மரண தண்டனை விதித்தார்கள். அதை மறுக்கத் தகுந்த நிபுணரை அமர்த்த அவரிடம் பணம் இல்லை.

சிறையில் முதல் மூன்று ஆண்டுகள், தம்மைப் பார்க்க வந்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் அவர் பேசவில்லை. இறைவன் மீதும் கோபம். பிறகு ஓர் இரவு, தாயை இழந்த சக கைதி ஒருவர் அழுவதைக் கேட்டு, ஆறுதல் சொல்ல வாய் திறந்தார். இழந்த நம்பிக்கை அந்த அழுகுரலின் வழியாகவே அவரிடம் திரும்பியது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். மரண தண்டனைக் கைதிகளுக்காக ஒரு வாசிப்பு வட்டத்தையும் பின்னர் அவர் தொடங்கினார்.

அவரை எதிர்பார்த்திருந்த தாய் 2002இல் இறந்துபோனார். இளமைக்கால நண்பர் மட்டும் கடைசிவரை சிறைக்கு வந்துகொண்டே இருந்தார். குண்டுகள் அந்தத் துப்பாக்கிக்குரியவை என்று நிறுவ முடியாமல் போக, 2015 ஏப்ரல் 3, புனித வெள்ளியன்று, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் ஹின்டன் விடுதலையானார்.

இன்று மாலை, என்னோடு வேலை இழந்த தோழர் ஒருவரை, ஒரு மாதத்திற்குப் பின் நானாகத் தொலைபேசியில் அழைத்தேன். நெடுநேரம் பேசினோம்.