துரோலாக் சாலையில் ஒரு சின்ன டாங்கி

2024 நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முறுக்கு டின்னை ஓரமாக நகர்த்திவிட்டு மேசையைத் துடைத்தேன், புதுப் பெட்டியைத் திறந்தாயிற்று. தமியா கம்பெனியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல், டைப் 97 சி-ஹா என்ற ஜப்பானிய நடுத்தர டாங்கி. பத்து வருடமாக டாங்கி கட்டுகிறேன். டைகர், ஷெர்மன், டி-34 என்று அலமாரி நிறைந்திருக்கிறது, எல்லாமே நான் கண்ணால் பார்க்காத ஊர்களின் சேற்றில் ஓடியவை. இது ஒன்றுதான் என் வீட்டு வாசலிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடத் தூரத்தில் ஓடிய வண்டி. 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன்னால், ஜப்பானிய மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்துத் துரோலாக் வழியாக சிலிம் ரிவருக்கு இறங்கி வந்தது நாங்கள் தினமும் வேலைக்குப் போகும் அதே பழைய சாலையில்தான்.

உண்மை வண்டி ஐந்தரை மீட்டர் நீளம், எடை ஏறத்தாழ 15 டன். 35-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர், விரித்த கையில் உட்கார்ந்துகொள்ளும். அது என்ன 35 கணக்கு என்று என் மகள் கேட்டாள். 1960களின் தொடக்கத்தில் தமியா ஒரு பாந்தர் டாங்கி செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் அளவை அப்படி வைத்தார்களாம், பிறகு கணக்குப் பார்த்தால் 35-ல் ஒரு பங்கு வந்தது, அதுவே உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

நவம்பர் 9, சனி

அடிப்பகுதி முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம், மேலே மூன்று சின்ன உருளை. வெட்டி எடுத்த இடத்தில் நிற்கும் பிளாஸ்டிக் முள்ளை எல்லாம் 600 உப்புத்தாளால் தேய்த்தேன், இதில் அவசரப்பட்டால் சங்கிலி மாட்டும்போது சக்கரம் கோணலாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்தகட்டின் இணைப்பைத் தேய்க்கும்போது நான்கு ரிவெட் காணாமல் போயிற்று. சி-ஹா ரிவெட்டும் போல்ட்டும் போட்டு இணைத்த வண்டி, தகட்டின் ஓரம் முழுக்கக் கடுகு கடுகாக வரிசை ஓடும், அதில் நான்கு இல்லாவிட்டால் பல் விழுந்த மாதிரி இருக்கும். வெளியே தெரியாத அடிப்பக்கத்திலிருந்து புது பிளேடால் நான்கைச் சீவி எடுத்து, ஈரம் தொட்ட தூரிகை நுனியில் ஒவ்வொன்றாகத் தூக்கி, மெல்லிய பசையை ஊசி முனையில் வைத்து ஒட்டினேன். மூச்சுவிட்டாலே பறந்துவிடும் சாமான். ஒன்றேகால் மணி நேரம் போனது. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன், அங்கே கைக்குள் அடங்காத போல்ட், இங்கே கண்ணுக்குள் அடங்காத போல்ட், இரண்டிலும் வரிசை பிசகினால் எனக்குத் தூக்கம் வராது.

நவம்பர் 17, ஞாயிறு

சங்கிலி மாட்டினேன். இது மெத்தென்ற ரப்பர் மாதிரி வினைல், பிளாஸ்டிக் பசை பிடிக்காது. பழைய திருப்புளியின் நுனியை அடுப்பில் சூடுபண்ணி, இணைப்பு முளையின் மேல் ஒரு விநாடி அமுக்கினால் உருகிப் பூட்டிக்கொள்ளும். ஒரு விநாடிக்கு மேல் வைத்தால் ஓட்டை விழும், முதலில் உதிரித் துண்டில் பழகிப் பார்ப்பது நல்லது. மேல்பக்கம் உருளைக்கு உருளை லேசாகத் தொய்வு தெரிய வேண்டும், அதற்குச் சங்கிலிக்கும் உடலுக்கும் நடுவே பஞ்சுத் துண்டைச் செருகி அமுக்கிவைத்து சூப்பர் குளூ ஒரு சொட்டு.

பசை காயும் வரை அந்தச் சண்டையைப் பற்றி மறுபடி படித்தேன். துரோலாக் பக்கம் இந்தியப் படைப்பிரிவு, ஹைதராபாத், பஞ்சாப் ரெஜிமெண்டுகள், கூட ஸ்காட்லாந்துக்காரர்கள், பின்னால் சிலிம் பக்கம் கூர்க்காக்கள். பிரிட்டிஷார் கையில் மலாயா முழுக்க ஒரு டாங்கிகூட இல்லை. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் காட்டுக்குள் மூடிக் கிடந்தன, அந்த வளைவுகளுக்குள் புகுந்து ஜப்பானியர்கள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பாலத்தில் வெடி வைத்துத் தயாராக இருந்த கம்பியை வதனாபே என்ற லெஃப்டினன்ட் வாளாலேயே வெட்டினார். மரத்தடியில் ஓய்வெடுத்தவர்கள், சாலையில் அணிவகுத்து நடந்தவர்கள், எல்லாருக்கும் முதுகுப் பக்கமாக டாங்கி வந்தது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வந்தபிறகுதான் ஒரு ஹவிட்சர் பீரங்கி முன்வண்டியை அடித்து நிறுத்தியது. நான்கே நாளில், ஜனவரி 11, கோலாலம்பூர் போய்விட்டது.

துரோலாக் பக்கம் போகும்போது அந்த வளைவுகள் எங்கே இருந்திருக்கும் என்று எட்டிப் பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

அப்பா பார்த்துவிட்டார். இதுவரை என் டாங்கி எதையும் அவர் கேட்டதில்லை. இன்றைக்குக் காலையில் பசியாறிவிட்டு வந்தவர் மேசையருகே நின்று, "இது எந்த ஊரு வண்டி தம்பி?" என்றார். சப்பான்காரன் வண்டிப்பா, 42-ல் நம்ம ரோட்டுல வந்தது என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு அப்போது பத்து வயது. தோட்டத்து லயத்தில் படுத்திருந்தபோது கேட்ட சத்தத்தைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் இரும்பை இழுக்கிற சத்தமாம், காலையில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் பெரட்டு மணி மாதிரி நின்று நின்று அடிக்காமல், விடாமல் இழுக்கிற சத்தம். அடுத்த வருடம் ஆயாவின் அண்ணனை, ஜப்பானியர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் தமிழர்கள்தான் மிக அதிகம். அவர் திரும்பவில்லை. அவருடைய போட்டோகூட எங்களிடம் கிடையாது. அப்பாவுக்கு அவர் பெயரையே வைக்க ஆயா ஆசைப்பட்டதும், பதிவு எழுதப் போன தாத்தா மறந்து வந்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

"இதை எதுக்கு வீட்டுல வைக்கிற?" என்று அப்பா கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சாயங்காலம்தான் சொன்னேன், தனியா வைக்கலப்பா, நம்ம தோட்டத்தையும் சேர்த்துச் செய்யப் போறேன், அது எங்கே வந்ததோ அங்கேயே வைக்கிறேன் என்று. ஒன்றும் பேசாமல் டீவியைப் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 1, ஞாயிறு

வர்ணம். மூன்று நாளாக மதியம் தவறாமல் மழை, அதனால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் குப்பி போட்டிருக்கிறேன், நம் ஊர்க் காற்றுக்கு அது இல்லாமல் நடக்காது, இல்லையென்றால் நடுவிலே ஒரு சொட்டுத் தண்ணீர் துப்பி அத்தனையும் பாழாகிவிடும். முதலில் சாம்பல் பூச்சு, அதன்மேல் காக்கி, அப்புறம் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக. திட்டுகளின் ஓரத்துக்குப் புளூ டாக் என்ற ஒட்டுப்பசை மாவை மண்புழு மாதிரி உருட்டி வைத்துக்கொண்டு அடித்தேன்.

சண்டைத் தொடக்க காலத்து ஜப்பானிய டாங்கிகளின் அடையாளமே அந்த மஞ்சள் பட்டைதான், உடலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து போகும். மஞ்சளுக்கு மூடும் சக்தி குறைவு, நேரே பச்சைமேல் பூசினால் அழுக்காகத் தெரியும். முதலில் வெளிர் சந்தன நிறத்தில் பட்டை இழுத்து, அதன்மேல் மூன்று தடவை நீர்த்த மஞ்சள். தூரிகையில்தான் செய்தேன், ஓரம் கூர்மையாக நிற்க வேண்டுமே.

டிசம்பர் 8, ஞாயிறு

பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தை இனாமல் தின்னரில் டீத்தண்ணீர் மாதிரி கரைத்து ரிவெட் வரிசையில் விட்டேன். ஒரு ரிவெட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும், திரவம் தானாக அதைச் சுற்றி ஓடி, தகட்டு இடுக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த ரிவெட்டுக்குப் போய்விடும். அது ஓடுவதைப் பார்ப்பதற்காகவே டாங்கி கட்டலாம். நான் சீவி ஒட்டிய நான்கும் மற்றவற்றோடு கலந்து போயின, எவை என்று எனக்கே இப்போது தெரியாது.

டிசம்பர் 14, சனி

மேட் வார்னிஷ் வெளுத்துவிட்டது. மழை வரப்போகும் புழுக்கத்தில் அடித்தது என் தவறு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் அதில் இறங்கிப் பனி மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும். ஆறு வார வேலை சாம்பல் பூத்துக் கிடந்தது, சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

வெயில் நன்றாக ஏறும் வரை காத்திருந்து பதினோரு மணிக்குப் பளபளப்பு வார்னிஷை மறுபடி ஈரமாக ஒரு பூச்சு அடித்தேன். வெள்ளை கரைந்து நிறம் கீழேயிருந்து மேலே வந்தது. உடனே மேட் அடிக்கவில்லை, ஒரு மணி நேரம் விட்டு, தள்ளி நின்று, மிக மெல்லிசாக இரண்டு தடவை. பிழைத்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

மரம். சாப்ஸ்டிக் குச்சி சரியாக ஏழு மில்லிமீட்டர், 35-ல் பெருக்கினால் ஒரு சாண் அகலத்துப் பால்மரம், ரப்பர் மரம்தான். டிஷ்யூ தாளைப் பசையில் ஒட்டிப் பட்டையாக்கி, சாம்பலும் பச்சைப் பாசித் திட்டும் பூசினேன். வரிசைக்கு மூன்று வீதம் ஆறு மரம், மேலே கிளைக்குப் போகாமல் தண்டோடு நிறுத்தினேன். மண்ணுக்கு, சாலையோரச் செம்மண்ணை எடுத்து வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் இரண்டு தடவை சலித்தேன். கடையில் விற்கும் எந்தப் பொடியிலும் இந்தச் சிவப்பு கிடையாது.

அப்பா வந்தார். ஒரு மரத்தைக் கையில் எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வெட்டு தப்பு." நான் வலது பக்கம் உயரமாக வைத்துக் கீறியிருந்தேன். "இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. இப்படித்தான் இறங்கணும். பால் நரம்பு சாய்ஞ்சுதான் ஓடும், இந்தப் பக்கமா வெட்டினாத்தான் நிறைய நரம்பு அறும்." முப்பது வருடம் உளி பிடித்த கை. பென்சிலை வாங்கி ஆறு மரத்திலும் அவரே கோடு போட்டார், ஒரே சாய்வு, அளவுகோல் வைத்த மாதிரி, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை. பழையதை நிரப்பிவிட்டு அந்தக் கோட்டில் மறுபடி கீறினேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பால் பிடிக்கும் மங்கு ஆறு செய்தேன். எபாக்சி மாவை ஊசித் தலையில் வைத்து அமுக்கினால் மூன்றரை மில்லிமீட்டர் கிண்ணம் வரும், மெல்லிய செப்புக் கம்பியில் மாட்டி மரத்தில் கட்டலாம். உள்ளே பால் ஊற்ற முதலில் வெள்ளைப் பசை விட்டேன், காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் வெள்ளை வர்ணத்தில் வார்னிஷ் கலந்து விட்டேன், அசல் பால் போல விளிம்பில் முத்தாக நின்றது. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டேன்.

வெகுநேரம் பார்த்தார். "பால் ஏது?" என்றார்.

டாங்கி வந்த அன்றைக்கு யார் மரம் வெட்டியது? துரை அதற்குச் சில நாள் முன்பே காரில் போய்விட்டார், பெரட்டு இல்லை, யாரும் வேலைக்காட்டுக்குப் போகவில்லை என்று ஆயா சொல்லியிருக்கிறது. வெட்டாத நாளில் மங்கை மல்லாத்தி வைக்கமாட்டார்கள், மழைத்தண்ணீரும் இலையும் விழும், கம்பியிலேயே கவிழ்த்து வைப்பார்கள். வெட்டுக்கோட்டில் பழைய பால் காய்ந்து நூலாக, மஞ்சளும் பழுப்புமாக ஒட்டியிருக்கும்.

ஆறு மங்கையும் கழற்றினேன்.

2025 ஜனவரி 7, செவ்வாய்

நைட் ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வீடு வந்தேன். வரும் வழியில் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள், பள்ளிக்கூட பஸ். தோட்டத்தில் பால்மரம் இப்போது கிடையாது, எல்லாம் செம்பனை, தனியார் துண்டு நிலங்களில்தான் நாலைந்து வரிசை நிற்கிறது.

நேற்று இரவு வேலைக்குப் போகுமுன் கடைசி மங்கைக் கவிழ்த்துக் கட்டினேன். வெட்டுக்கோட்டின் நூலுக்குப் பசையை ஊசியால் இழுத்து, காய்ந்ததும் டீத்தூள் நிறத்தில் ஒரு தொடுகை. டாங்கி சாலையின் நடுவே நிற்கிறது, மூடி திறந்திருக்கிறது, ஆள் யாரும் இல்லை. ஒரு பக்கச் சங்கிலியில் மட்டும் செம்மண். வீரர் பொம்மை வைப்பதாகத்தான் முதலில் எண்ணியிருந்தேன், மரங்களை நட்டபிறகு வைக்க மனம் வரவில்லை.

அலமாரியில் டைகரை எடுத்துவிட்டு இதை வைத்தேன். அப்பா எழுந்து வந்து, மூன்றாவது மரத்தின் மங்கு சற்றுச் சாய்ந்திருப்பதாகச் சொல்லி, நகத்தால் லேசாகத் தள்ளிச் சரி செய்தார். பசை இன்னும் முழுக்கக் காயவில்லை, நல்லவேளை.

இவற்றோடு சில டைப் 95 ஹா-கோ வண்டிகளும் வந்தன, இதில் பாதி எடை, மூன்று பேர்தான் உள்ளே. அந்தப் பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், சீனப் பெருநாளுக்கு முன் வருமாம்.