அசைபடத்தில் தேன் ஊற்றிய அனுபவம்

முதுகலைக் கணினி அறிவியல் படிப்பின் இறுதிப் பருவத் திட்டப்பணிக்கு, கரண்டியிலிருந்து தட்டில் விழும் தேனை அசைபடமாக்குவது என்று நானும் என் தோழியும் முடிவு செய்தோம். சில நொடிகளே ஓடும் காட்சிதான். ஆனால் மெல்லிய தாரையாக இறங்கும் தேன், தட்டைத் தொட்டதும் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் வட்டமிட்டு அடுக்கடுக்காகக் குவிந்து, பிறகு மெதுவாகத் தன் உருவை இழந்து படர வேண்டும். பிளெண்டர் மென்பொருளில் 2020இல் வந்த 2.82 பதிப்பு முதலே மான்டாஃபுளோ என்னும் திரவ சால்வர், அதாவது திரவத்தின் அசைவைக் கணக்கிடும் நிரல், இருக்கிறது. எனினும், சால்வரை நாங்களே சி++ மொழியில் எழுத வேண்டும், பிளெண்டரை ரெண்டர் செய்வதற்கு, அதாவது ஒளியும் நிறமும் சேர்த்துப் படமாக்குவதற்கு, மட்டுமே பயன்படுத்தலாம் என்பது வழிகாட்டிப் பேராசிரியரின் நிபந்தனை.

அடிப்படைக்கு, ஹார்லோவும் வெல்ச்சும் 1965இல் வகுத்த, இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கட்டவலையையும், ஸூவும் பிரிட்சனும் 2005இல் அசைபடத்துக்குக் கொண்டுவந்த ஃபிளிப் துகள் முறையையும் எடுத்துக்கொண்டோம். தண்ணீர் எளிதாகவே வந்துவிட்டது. தேனுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஃபிளிப்புக்கு முந்தைய பிக் முறையில், துகள்களின் வேகம் ஒவ்வொரு முறையும் கட்டவலையில் சராசரியாக்கப்படுவதால் அசைவுகள் அடங்கி, திரவம் தானாகவே கெட்டியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மை கட்டத்தின் அகலத்தைப் பொறுத்தது. பெரிய கட்டங்களில் தேனாக இருந்தது, கட்டங்களைச் சிறிதாக்கியதும் நீர்த்துப் போயிற்று. முன்னோட்டத்தில் ஒரு திரவமும் இறுதிப் படத்தில் வேறொரு திரவமும் வருமானால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய இயலாது.

ஆகவே பாகுநிலையை, அதாவது திரவம் வழிந்தோடுவதை எதிர்க்கும் தன்மையை, முறையாகக் கணக்கிட வேண்டியதாயிற்று. தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 0.001 பாஸ்கல் நொடி. தேனுக்கு, அது ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறினாலும், 10 என்று வைத்துக்கொள்ளலாம். தாரை சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளதால் கட்டத்தின் அகலம் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த அளவுகளில், அடுத்த கணத்தின் வேகத்தை இப்போதைய வேகத்திலிருந்தே கணக்கிடும் நேரடி முறையைக் கையாண்டால், ஒரு காலத் துணுக்கு 24 மைக்ரோ நொடிக்கு மேல் போனதும் எண்கள் கட்டுமீறிப் பெருகிக் கணக்கு வெடித்துவிடும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கே ஏறத்தாழ 1,750 துணுக்குகள் தேவை. கட்டத்தைப் பாதியாக்கினால் துணுக்குகள் நான்கு மடங்காகும், கட்டங்கள் எட்டு மடங்காகும். 2002இல் மார்க் கார்ல்சன் குழுவினர் உருகி வழியும் பொருள்களுக்குக் கையாண்டதுபோல், அடுத்த கணத்தின் வேகங்களைச் சமன்பாடுகளாக ஒருசேரத் தீர்க்கும் மறைமுக முறைக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாறிய பின் தேன் கெட்டியாகவும் நிலையாகவும் வழிந்தது, ஆனால் சுருளவில்லை. தாரை நேராக இறங்கி, சலனமின்றி மேடாகக் குவிந்தது. திட்டப்பணியின் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலிலேயே கழிந்தது என்பதில் எனக்கு வருத்தமில்லை, ஏனெனில் கற்றதெல்லாம் இங்கேதான். வேகத்தின் மூன்று கூறுகளையும் தனித்தனியே தீர்க்கும் எளிய வடிவம், திரவத்தின் மேற்பரப்பில் ஒவ்வொரு கூறும் வெளிநோக்கி மாறாது என்று கொள்கிறது. உண்மையில் அங்கே மறைய வேண்டியது தகைவு, அதாவது பரப்பின் மீது செயல்படும் விசை. காற்று தேனைப் பிடித்து இழுப்பதில்லை. ஒரு திரவத் துண்டு உருக்குலையாமல் சுழன்றால் பாகுநிலை அதைத் தடுக்கக் கூடாது. எளிய வடிவமோ அந்தச் சுழற்சியையும் உராய்வாகக் கருதி அடக்கிவிடுகிறது. வளைவதும் திரும்புவதுமே சுருளல் என்பதால், சுழற்சி போனால் சுருளும் போயிற்று.

கிறிஸ்டோபர் பேட்டியும் ராபர்ட் பிரிட்சனும் 2008இல் இதற்குத் தீர்வு தந்தனர். கணக்கை ஆற்றலைச் சிறுமமாக்கும் வடிவில் எழுதினால் மேற்பரப்பு நிபந்தனை தானாகவே நிறைவேறும். விலை என்னவென்றால், மூன்று கூறுகளும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே பெரிய சமன்பாட்டுத் தொகுதியாகிவிடும். தேனைத் தொடுவதற்கு முன், ஈர்ப்பு இல்லாத வெளியில் ஒரு துளியைச் சுழலவிட்டுப் பார்த்தோம். பழைய வடிவத்தில் அது விரைவில் நின்றது, புதிய வடிவத்தில் சுழன்றுகொண்டே இருந்தது. இத்துறையில் இறங்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே என்பேன். அழுத்தத்தையும் பாகுநிலையையும் சேர்த்தே தீர்க்கும் 2017ஆம் ஆண்டு முறையையும் படித்தோம். தொகுதி மேலும் பெரிதாவதால் அதை விட்டு, பாகுநிலைக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தைத் தீர்ப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக அமைத்தால், அதே ஈர்ப்பில், பாகுநிலையோடு ஒப்பிடுகையில் திரவத்தின் ஓட்டம் எவ்வளவு வலுவானது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ முப்பது மடங்காகி, தேன் நீர்த்துத் தோன்றும். பலர் அதை ஈடுகட்டப் பாகுநிலை எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சால்வருக்குள் உண்மையான அளவுகளை வைத்துக்கொண்டு, திரவத்தின் மேற்பரப்பைக் குறிக்கும் வலையான மெஷ்ஷைப் பிளெண்டருக்கு அனுப்பும்போது மட்டும் பெரிதாக்குவதே நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது.

ரெண்டரில் இரண்டு வேலைகளே இருந்தன. மெஷ்ஷை அதிகம் மழுப்பினால் சுருள்களுக்கு இடையிலான பள்ளங்கள் அழிந்துவிடுவதால், மழுப்பலைக் குறைத்தோம். ஒளிவிலகல் எண்ணைத் தண்ணீரின் 1.33இலிருந்து 1.49க்கு உயர்த்தி, நிறத்தை மேற்பரப்பில் பூசாமல் உள்ளே ஒளி உறிஞ்சப்படும் விதத்தில் கொடுத்ததும், தாரை வெளிர் மஞ்சளாகவும் குவியல் அடர் பழுப்பாகவும் தாமாகவே வந்தன.