படுக்கப் போகுமுன் மூன்று வரி

ஆபீஸில் நாள் முழுக்க நாலு பேர் நன்றாகப் பேசியிருப்பார்கள், ஆனால் மேலாளர் முகம் சுளித்த அந்த ஒரு நொடிதான் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஈசூன் வரைக்கும் நம்மோடு வரும். மனசு கெட்டதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. அதனால் 'பாசிட்டிவாக யோசி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும், எப்படி என்று சொல்ல வேண்டாமா?

எனக்குக் கைகொடுத்தது, மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் வரும் ஒரு பயிற்சி. ராத்திரி படுக்கும் முன் அன்று நடந்த 3 நல்ல விஷயங்களை எழுத வேண்டும், அவை ஏன் நடந்தன என்பதையும் சேர்த்து. அந்த 'ஏன்' ரொம்ப முக்கியம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நேற்று நான் எழுதியது: தேக்கா சந்தையில் காய்கறிக்கார அண்ணன் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். ஏன்? வாராவாரம் அவரிடமேதான் வாங்குகிறேன், அவர் மகளின் ஓ லெவல் படிப்பையும் மறக்காமல் விசாரிப்பேன். எழுதிப் பார்த்தால்தான் அந்த நல்லதில் நம் பங்கும் இருப்பது தெரிகிறது.

சரி, இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நோட்டுப் புத்தகம் போதாது, மருத்துவரைப் பாருங்கள், இல்லையென்றால் சிங்கப்பூரில் 1771 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.