ரெகே அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கச்சேரி

லண்டனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. டூட்டிங்கில் அறை. தமிழ் பேச அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலை விஷயம் தவிர்த்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசத்தான் யாரும் அமையவில்லை. பேருந்தில் யாராவது என் காலை மிதித்தாலும் நானே 'சாரி' சொல்லும் அளவுக்கு ஊர் பழகியிருந்தது. அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியமாக இருந்த குழு, லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் கிங்ஸ்டனில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குள் வாசிக்கப்போகிறது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், 'அவங்களா? முதல் ஆல்பத்தோட சரி' என்று ஒருவர் வந்து நிற்பார். நாங்கள் ஆளுக்கொரு காதாக ஒரே இயர்போனில் அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாட்டு வரிகளைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். அர்த்தம் சொல்வது என் வேலை, அண்ணன் என்ற உரிமையில்.

கடைக்குள் எதற்காக வாசிக்கிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கணக்கு புரிந்தது. இங்கே டிக்கெட்டைத் தனியாக வாங்குவதில்லை, புது ஆல்பத்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். எல்பி என்னும் பெரிய இசைத்தட்டோடு என்றால் 28 பவுண்டு, சிடியோடு என்றால் 15. பிரிட்டனில் ஆல்பம் விற்பனைப் பட்டியலுக்கு வாரம் என்பது வெள்ளி முதல் வியாழன் வரை. 2015 ஜூலையிலிருந்து புது ஆல்பங்களும் வெள்ளிக்கிழமையே வருகின்றன. அந்த ஏழு நாளுக்குள் எத்தனை பிரதி போகிறதோ, அதுதான் முதல் வாரத்து இடத்தைப் பெரிதும் தீர்மானிக்கும். அதனால் வெளியீட்டு வாரத்தில் பெரிய குழுக்கள்கூட வேனில் ஏறி ஊர் ஊராகக் கடை கடையாகப் போகின்றன, சில நாட்களில் இரண்டு கடைக்கும். கடைக்காரருக்கு நூறு பிரதி ஒரே மாலையில் விற்கும், குழுவுக்குப் பட்டியலில் ஒரு படி ஏறும், நமக்குப் பாட்டு. 1976இல் மேற்கு லண்டனில் சின்னதாகத் தொடங்கிய ரஃப் டிரேட் என்னும் இசைத்தட்டுக் கடை, 2007இல் பிரிக் லேன் பக்கம் திறந்த பெரிய கடையில் இதற்கென்றே மேடை வைத்திருக்கிறது. நான் போனது அந்த அளவுக்கெல்லாம் இல்லை. செருப்புக் கடை அகலம்தான் இருக்கும்.

எல்பிதான் வாங்கினேன். என்னிடம் பிளேயர் இல்லை. சிடி போட வழியும் இல்லை என்பதால் பெரிய அட்டையாவது மிஞ்சட்டும் என்று ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. டிக்கெட்டில் 'டோர்ஸ் 6.30' என்று போட்டிருந்ததை ஆறரைக்குப் பாட்டு என்று எடுத்துக்கொண்டு, டூட்டிங் பிராட்வேயில் 131ஐப் பிடித்து, ஐந்தரைக்கே போய் நின்றேன். ஆறரைக்குத் திறப்பது கதவு மட்டும்தான், பாட்டு ஏழரைக்கு. இதை எனக்குச் சொன்னவர் வரிசையில் பின்னால் நின்ற அம்மாள். அறுபது வயதிருக்கும், கையில் ஃபிளாஸ்க். அவர் கேட்ட முதல் கேள்வி, 'இவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா?' ஐந்து மாதமாக யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி 'எந்த ஊர்?' என்பதாகத்தான் இருந்தது. எந்த ஊர் என்று அவர் கடைசிவரை கேட்கவேயில்லை. இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸ் சத்தம் அதிகமா இல்லையா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஒரு அந்நியரோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

உள்ளே தட்டு அலமாரிகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். நகர்த்த முடியாததன் மேல் கறுப்புத் துணி. மேடை என்பது ஒரு சாண் உயரப் பலகை, பின்னால் ரெகே என்னும் ஜமைக்கா இசையின் தட்டுகள். எனக்குக் கிடைத்த இடம் 'எம்' என்ற எழுத்து அட்டைக்குப் பக்கம், பாடகரிடமிருந்து ஆறடி.

ஐந்து பேர் குழுவில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். டிரம்மர் டிரம்ஸ் கொண்டுவரவில்லை. கஹோன் என்னும் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதன் முகத்தைக் கையாலேயே தட்டினார். எலெக்ட்ரிக் கிதாருக்குப் பதில் சாதா மரக் கிதார், ஓரமாக ஒரு சின்னக் கீபோர்டு. இதைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். பத்து வருஷமாக என் தலைக்குள் இருந்த சத்தம் ஒரு அரங்கத்து அளவு. அதை இவர்கள் எங்கே விட்டுவிட்டு வந்தார்கள்?

முதல் பாட்டு பாதி போவதற்குள் அந்தக் குறை போய்விட்டது. கிதாரின் கழுத்தில் கேப்போ என்னும் கிளிப் கடிக்கும் 'டக்' கேட்டது. கம்பியில் விரல் வழுக்கும் கிரீச் கேட்டது. உச்சத்துக்குப் போகுமுன் பாடகர் மூச்சை இழுத்துக்கொள்வது ஆறடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. பதிவில் அந்த மூச்சையெல்லாம் வெட்டிவிடுவார்கள் போலிருக்கிறது. கூட்டமோ மூச்சுக் காட்டவில்லை. நம் பழக்கத்தில் ஒரு 'ஆஹா' தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டுத் தொடையில் தாளம் போட்டேன்.

நான்காவதாக அந்த வீட்டுப் பாட்டு. நோட்டில் நாங்கள் 'கோல்ட்' என்று எழுதியிருந்த வரி அதில்தான் வரும். தங்கம் போட்ட வீடு, பணக்காரக் காதலி, வாசலில் நிற்கும் ஏழைப் பையன் என்று தம்பிக்குக் கதையே சொல்லியிருந்தேன். இணையத்தில் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தெரியும் என்று நினைப்பவன் எதற்குத் தேடுவான்?

டிரம்ஸ் இல்லை, எதிரொலி இல்லை. பாடகர் மைக்கை ஒட்டி நின்று அந்தச் சொல்லை எடுத்தார். முதல் எழுத்தோடு ஒரு சின்னக் காற்று மைக்கில் மோதியது. வெள்ளைக்காரர்கள் வல்லின 'க'வை அப்படித்தான் ஊதிச் சொல்வார்கள், ஐந்து மாதத்தில் அந்த அளவுக்குக் காது தேறியிருந்தது. ஆங்கில 'ஜி' எழுத்தில் தொடங்கும் சொல் என்றால் அந்தக் காற்று வராது. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. நோட்டில் அது பத்து வருஷமாக எந்தக் குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

தங்க வீடு இல்லை. குளிர்ந்த வீடு. அப்புறம் வந்த வரிகள் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன. கண்ணாடியில் அவன் விரலால் எழுதுவது காதலில் அல்ல, சன்னலுக்கு உள்பக்கம் வேர்த்திருப்பதால். கோட்டோடு படுப்பது அவசரமாகக் கிளம்புவதற்காக அல்ல. எங்கள் வீட்டு ஹீட்டிங்கின் சாவி வீட்டுக்காரர் கையில். இரவு பத்துக்கு நின்றுவிடும். நவம்பரிலிருந்து நானே கோட்டோடுதான் படுக்கிறேன்.

ஏழே பாட்டு, முப்பத்தைந்து நிமிடம். பிறகு கையெழுத்து வரிசை. பாடகரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். முறை வந்தபோது அவர் 'யார் பேருக்கு?' என்றார். என் பெயரின் பதினோரு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இருந்தவர்கள் நெருக்க, 'தேங்க்யூ' மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். வாசலில் அந்த அம்மாள், டிரம்ஸ் இல்லாததுதான் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள் என்றார். ஒப்புக்கொண்டேன்.

131இல் மாடிக்குப் போய், தட்டை மடியில் நிறுத்திப் பிடித்தபடி தம்பிக்கு அனுப்பினேன்: 'டேய், அந்த வீட்டுப் பாட்டுல வர்றது கோல்ட் இல்லடா. கோல்ட்!' அங்கே விடியற்காலை மூன்றரை. பதில் காலையில்தான் வந்தது.

'ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா? என்ன ஆச்சு உனக்கு, அங்க ரொம்பக் குளிரா?'